வாசகர் கேட்குமுன் சொல்லிவிடுங்கள்

கேள்வி: கேமரா, லென்ஸ், டிரைபாட் பற்றி இரண்டு ஆண்டுகளாக வலைப்பதிவு எழுதி வருகிறேன். ஆறு மாதம் முன்பு கட்டுரைகளில் கமிஷன் இணைப்புகள் வைக்க ஆரம்பித்தேன். அதை எங்கேயும் சொல்லவில்லை. ஒரு வாசகர் பின்னூட்டத்தில், "இந்த லென்ஸை இவ்வளவு புகழ்கிறீர்களே, இதில் உங்களுக்குக் கமிஷன் வருகிறதா?" என்று கேட்டார். பதற்றத்தில் அதை அழித்துவிட்டேன். அவர் ஏற்கெனவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். இப்போது அது ஃபேஸ்புக் குழுக்களில் சுற்றுகிறது. அங்கே போய் நான் கோபமாக எழுதிய இரண்டு பதில்களும் சேர்ந்து சுற்றுகின்றன. இன்னொன்றும் உண்டு. நண்பர் சொன்னார் என்று 3,000 மின்னஞ்சல் முகவரிகளை விலைக்கு வாங்கி என் மடல் பட்டியலில் சேர்த்தேன். அதன்பிறகு பழைய வாசகர்களுக்கு அனுப்பும் மடல்கூட ஸ்பேமில் விழுகிறது. மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கமிஷனையே விட்டுவிட வேண்டுமா, எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கமிஷனை விட வேண்டியதில்லை. பொருளை வாங்கி, பயன்படுத்திப் பார்த்து, நேரம் செலவிட்டு எழுதுபவருக்கு வருமானம் வேண்டும் என்பது வாசகர்களுக்கும் தெரியும். நீங்கள் சறுக்கியது வேறு இடத்தில். கமிஷன் இருப்பது தெரியாமல் ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்தார். கேட்ட கேள்வி காரணம் சொல்லாமல் காணாமல் போனது. சம்மதம் தராதவர்களுக்கு மடல் போனது. மூன்றிலும் நடந்தது ஒன்றுதான்: வாசகருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது, அவராகக் கண்டுபிடித்த பிறகே தெரிந்தது. நீங்களே முன்வந்து சொல்லும்போது வெறும் தகவலாக இருப்பது, அவர் தோண்டி எடுக்கும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது. இனி செய்யப்போகும் ஒவ்வொன்றையும் இந்த வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

முதல் வேலை, நிறுத்துவது. தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்திருக்கும் கட்டுரைகள், மடல்கள், சமூக ஊடகப் பதிவுகள் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கமிஷன் கட்டுரை தானாக வெளியானால், அடுத்து நீங்கள் எழுதும் மன்னிப்பை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, அழித்த பின்னூட்டத்தை மீட்பது. வேர்ட்பிரஸில் அழித்த பின்னூட்டம் உடனே மறைந்துவிடாது. குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதற்குள் என்றால் அங்கிருந்தே மீட்டுவிடலாம். கெடு தாண்டியிருந்தால் உங்கள் மின்னஞ்சலில் தேடுங்கள். அறிவிப்பை நீங்கள் அணைத்து வைக்காத வரை, புதிய பின்னூட்டம் விழும்போதெல்லாம் அதன் முழு வாசகத்தோடு ஒரு மடல் வந்திருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் கேள்வியை நீங்களே எழுதி, இப்படி ஒரு கேள்வி வந்தது, அதை அழித்தது நான்தான் என்று குறிப்பிடுங்கள். கீழே நேரடியான பதில்: "ஆம், வருகிறது. சொல்லாமல் விட்டது என் தவறு." அதற்கு மேல் அங்கே எதுவும் தேவையில்லை.

மன்னிப்பு கட்டாயம் கேட்க வேண்டும்; தனிப் பதிவாக, தளத்தின் முகப்பிலேயே தெரியும்படி. நீளம் வேண்டாம். இந்த அளவு போதும்:

"இந்தத் தளத்தில் (மாதம், ஆண்டு) முதல் வந்த கட்டுரைகளில் உள்ள கடை இணைப்புகள் வழியாக யாராவது பொருள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வருகிறது. இதை நான் சொல்லவில்லை. இதைப் பற்றிக் கேட்ட வாசகரின் பின்னூட்டத்தை அழித்தேன். வேறு இடத்தில் அவருக்கு மரியாதையில்லாமல் பதில் எழுதினேன். விலைக்கு வாங்கிய பட்டியலில் இருந்தவர்களுக்கு அவர்கள் கேட்காமலே மடல் அனுப்பினேன். இவை எல்லாம் தவறு, மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பின்னூட்டத்தை மீட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். வாங்கிய பட்டியலை நீக்கிவிட்டேன். கமிஷன் இணைப்பு உள்ள கட்டுரைகளின் பட்டியல் கீழே இருக்கிறது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் (தேதி)க்குள் அறிவிப்பு சேர்த்துவிடுவேன்."

மடல் பட்டியல் விவகாரத்தை இதுவரை யாரும் கிளப்பவில்லையே, ஏன் நாமே சொல்ல வேண்டும் என்று தோன்றும். இப்போது சொன்னால் ஒரு வரியில் முடியும். பிறகு வெளியே வந்தால், மன்னிப்புக் கேட்கும்போதும் பாதியை மறைத்தவர் என்ற பெயர் வரும். அந்தப் பெயர் எளிதில் போகாது.

அந்தப் பதிவில் இருக்கக் கூடாதவையும் உண்டு. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்ற வரி வேண்டாம். புண்பட்டதா இல்லையா என்ற சந்தேகத்தை அது வாசகர் தலையில் கட்டுகிறது. "எல்லோரும்தான் செய்கிறார்கள்" வேண்டாம். உங்கள் பணக்கஷ்டம், உழைப்பு, தூக்கமில்லா இரவுகள் எதுவும் வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும் அந்த இடத்தில் அது சாக்காகவே படிக்கப்படும். கெடுவைக் கணக்குப் போட்டுக் குறியுங்கள். 40 கட்டுரை, ஒன்றுக்கு 15 நிமிடம் என்றால் 10 மணி நேர வேலை. நாளைக்கே முடிப்பேன் என்று எழுதி நழுவவிடுவதைவிட, ஒரு வாரம் என்று எழுதி ஐந்தாம் நாளில் முடிப்பது நல்லது. பதிவை வெளியிட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அடுத்த சில மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிற வேளையில் வெளியிடுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டை நீக்கச் சொல்லி அவரிடமோ குழு நிர்வாகிகளிடமோ கேட்கவே கேட்காதீர்கள். 2003இல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், தம் வீடு தெரியும் ஒரு கடற்கரை வான்படத்தை இணையத்திலிருந்து நீக்கக் கோரி வழக்குத் தொடுத்தார். அதற்கு முன் அந்தப் படம் 6 முறைதான் தரவிறக்கப்பட்டிருந்தது. அதிலும் 2 முறை அவருடைய வழக்கறிஞர்களே எடுத்தவை. வழக்குச் செய்தி பரவிய அடுத்த மாதம் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். மறைக்கும் முயற்சிதான் விளம்பரமாகிறது. குழுக்களில் நீங்கள் எழுதிய கோபப் பதில்களையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும், "இப்படி எழுதியிருக்கக் கூடாது. என் விளக்கம் இங்கே" என்று ஒருமுறை இணைப்புக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அங்கே ஓடும் வாதத்தில் மறுபடி சேர வேண்டாம்.

இனி கமிஷன் அறிவிப்பு. பெரும்பாலானோர் அறிவிப்பு வைத்தும் கெட்ட பெயர் வாங்குவது, அதை வைக்கும் இடத்தால். அடிக்குறிப்பிலோ, "எங்களைப் பற்றி" பக்கத்திலோ, பக்கப்பட்டையிலோ வைப்பார்கள். கணினியில் பார்க்கும்போது பக்கப்பட்டை கட்டுரைக்குப் பக்கத்திலேயே தெரியும். பல வார்ப்புருக்களில் அதே பட்டை கைபேசியில் பக்கத்தின் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். மடலாகவோ, புதுக் கட்டுரைகளைத் தானாகத் திரட்டிக் காட்டும் ஓடையாகவோ (ஆர்எஸ்எஸ்) படிப்பவருக்கு அது போய்ச் சேரவே சேராது. ஆகவே அறிவிப்பு கட்டுரையின் உடம்புக்குள், முதல் இணைப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். நீண்ட கட்டுரை என்றால், வாங்கும் பொத்தான் உள்ள ஒப்பீட்டு அட்டவணைக்கு மேலே இன்னொரு முறை. காணொளியில் விவரக்குறிப்பில் எழுதினால் மட்டும் போதாது. வாயால் சொல்லுங்கள், திரையிலும் காட்டுங்கள்.

அமெரிக்க வணிக ஆணையம் தன் பரிந்துரை விளம்பர வழிகாட்டியை 2009இல் திருத்தி வலைப்பதிவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2023 திருத்தத்தில், இணையத்தில் அறிவிப்பு தவிர்க்க முடியாதபடி கண்ணில் பட வேண்டும் என்கிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, அறிவிப்பை ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் கலந்து வைக்கக் கூடாது என்கிறது. அமேசான் போன்ற நிறுவனங்கள் தம் கூட்டாளர் தளத்தில் ஒரு குறிப்பிட்ட வரியை வைக்கச் சொல்கின்றன; அதை வையுங்கள், ஆனால் அந்த ஒரு வரியோடு கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தேடுபொறிக்காக இணைப்பில் சேர்க்கும் 'ஸ்பான்சர்ட்' குறிப்பும் (கூகுள் 2019இல் கொண்டுவந்தது) அப்படித்தான். அது இயந்திரத்துக்குச் சொல்வது. மனிதர் கண்ணில் படாது.

வாசகம் எளிதாக இருக்கட்டும். "இது கூட்டாண்மை இணைப்பு" என்றால் பலருக்குப் புரியாது. "இந்த இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்" என்றால் குழப்பமே இல்லை. "உங்களுக்கு விலை கூடாது" என்று சேர்ப்பது வழக்கம். அது உண்மைதானா என்று கடையில் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் இலவசமாக வந்ததா, இரவலாக வந்து திருப்பி அனுப்பப்பட்டதா, நீங்களே வாங்கியதா என்பதையும் சொல்லுங்கள். கட்டுரை தமிழில் இருந்தால் அறிவிப்பும் தமிழிலேயே இருக்கட்டும். பழைய கட்டுரையில் சேர்க்கும்போது, எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்ற குறிப்பும் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே இருந்ததுபோல் தோன்றி, அடுத்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு வழிவிடும்.

அறிவிப்பு வைத்தாலும் கட்டுரை முழுவதும் புகழ்ச்சியாக இருந்தால் அவநம்பிக்கை நீடிக்கும். லென்ஸ் விமர்சனத்தில் எத்தனை நாள், எந்தக் கேமராவில், எந்த வெளிச்சத்தில் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். எதைச் சோதிக்கவில்லை என்பதையும் எழுதுங்கள்: மழையில் எடுத்துப் பார்க்கவில்லை, காணொளிக்குப் பயன்படுத்தவில்லை என்பதுபோல. யார் இதை வாங்கக் கூடாது என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். இதனால் விற்பனை படுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஸ்பீகல் ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருந்தது 5 நட்சத்திரத்தில் அல்ல, 4.0 முதல் 4.7 வரையிலான மதிப்பீட்டில். குறையே இல்லாத பொருளை மக்கள் நம்புவதில்லை. எழுதி முடித்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: மூன்று லென்ஸுக்கும் ஒரே கமிஷன் என்றாலும் இதே வரிசையில்தான் வைப்பேனா? தயக்கம் வந்தால் வரிசையை மாற்றுங்கள்.

இப்போது உரையாடலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது இந்தப் பகுதியைப் பற்றித்தான். இணைப்பையும் மடலையும் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். கேள்வி வந்ததும் கோபம் வரும் பழக்கம் அப்படிப் போகாது.

எழுத்தில் தொனி போய்ச் சேராது. 2005இல் வெளியான, உளவியலாளர்கள் குரூகர், எப்லி குழுவின் சோதனைகளில் ஒன்றில், தாம் மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதை எதிரில் இருப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நடந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றுத்தான் மேல். உங்களிடம் வந்த "இவ்வளவு புகழ்கிறீர்களே" என்ற கேள்வியில் குத்தல் இருந்ததா, வெறும் ஆர்வமா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே கேள்வியை அதன் நல்ல பொருளில் எடுத்துக்கொண்டு பதில் சொல்வதே பாதுகாப்பு. குத்தலாகவே கேட்டிருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஏனென்றால் உங்கள் பதிலைப் படிப்பவர்களில் கேட்டவர் ஒருவர்தான், பேசாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் பலர். பதில் அவர்களுக்காக.

வரும் பின்னூட்டங்களை நான்காகப் பிரித்துப் பாருங்கள்: கேள்வி, மறுப்பு, புகார், வசை. முதல் மூன்றையும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அழிக்கக் கூடாது. வசை, மிரட்டல், பிறரின் தனிப்பட்ட தகவலை வெளியிடுவது, விளம்பரக் குப்பை ஆகியவற்றை மட்டும் நீக்கலாம். அந்த விதியை நான்கு வரியில் எழுதிப் பின்னூட்டப் பெட்டிக்கு மேலேயே வையுங்கள். நீக்கும்போது சுவடில்லாமல் நீக்காமல், "தனிநபர் வசை இருந்ததால் நீக்கப்பட்டது" என்று அந்த இடத்தில் ஒரு குறிப்பு விடுங்கள். விதி முன்பே எழுதியிருந்தால் நீக்குவது நிர்வாகம். விதி இல்லாமல் நீக்கினால் அது பயம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பதில் எழுதும் முறை இப்படி இருக்கட்டும். அவர் சொன்னதில் எதற்குப் பதில் சொல்கிறீர்களோ அந்த வரியை அவருடைய சொல்லிலேயே எடுத்துப் போடுங்கள். அதில் சரியான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு விவரம், பிறகு என்ன செய்யப்போகிறீர்கள், எப்போது. உதாரணமாக ஒருவர், "நீங்கள் சொன்ன டிரைபாட் இரண்டே மாதத்தில் ஆடுகிறது, காசு வாங்கிக்கொண்டு எழுதினீர்களா?" என்கிறார். "என் டிரைபாட் நன்றாகத்தான் இருக்கிறது, உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்று எழுதினால் சண்டை. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு மாதத்தில் ஆடுகிறது என்பது நான் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை, நான் பார்த்தது மூன்று வாரம்தான், அதைக் கட்டுரையில் சொல்லாதது குறை. இன்று சேர்க்கிறேன். இந்த இணைப்பில் எனக்குக் கமிஷன் உண்டு. நிறுவனம் எனக்குப் பணம் தரவில்லை. ஆடுவது காலின் பூட்டிலா, தலைப்பகுதியிலா? படம் அனுப்பினால் கட்டுரையில் சேர்க்கிறேன்." இதில் கெஞ்சலும் இல்லை, முறைப்பும் இல்லை. உங்கள் விஷயத்தில் இதில் எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள்.

விளித்தலில் கவனம் வேண்டும். மறுத்துப் பேசுபவரைத் "தம்பி" என்றாலோ, அதுவரை இல்லாத "ஐயா"வைத் திடீரென்று போட்டாலோ அது அடியாகத்தான் விழும். அவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயரைச் சொல்லி, "நீங்கள்" என்று எழுதுங்கள். கோபம் வந்தால் பதிலைப் பின்னூட்டப் பெட்டியில் எழுதாதீர்கள். வேறொரு கோப்பில் எழுதிவிட்டு எழுந்து போங்கள். இடையில் "பார்த்தேன், நாளைக்குள் பதில் சொல்கிறேன்" என்று ஒரு வரி போதும். ஒரே ஆளோடு ஒரே விஷயத்தில் இரண்டு பதிலுக்கு மேல் போக வேண்டாம். மூன்றாவது முறை, "இதில் என்னிடம் புதிய தகவல் இல்லை, உங்கள் கருத்து இங்கே அப்படியே இருக்கும்" என்று முடியுங்கள். கடைசிச் சொல் அவருடையதாக இருந்தால் இருக்கட்டும்.

உங்களுக்கு ஆதரவாக வந்து கேள்வி கேட்டவரைத் திட்டுகிறவர்களைப் பெயர் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். அதைக் கண்டும் காணாமல் விட்டால், அவர்கள் பேசியதை நீங்கள் பேசியதாகவே எடுத்துக்கொள்வார்கள். வேறு பெயரில் கணக்குத் தொடங்கி உங்களையே ஆதரிக்கும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அதோடு விட்டுவிடுங்கள். நடை, நேரம், பழக்கச் சொற்கள் எல்லாம் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, போலி விமர்சனங்களையும், நிறுவனத்தோடு உள்ள தொடர்பை மறைத்து உள்ளாட்கள் எழுதும் விமர்சனங்களையும் நேரடியாகவே தடை செய்கிறது.

மடல் பட்டியல். வாங்கிய 3,000 முகவரிகளையும் இன்றே நீக்குங்கள். "உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டு ஒரு மடல் அனுப்பிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சம்மதமில்லாத இன்னொரு மடல்தான். விலைக்கு விற்கும் பட்டியல்களில் செத்துப்போன முகவரிகள் நிறைய இருக்கும். ஸ்பேம் அனுப்புபவரைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அவற்றுக்கு மடல் போனால் மின்னஞ்சல் சேவைகளிடம் உங்கள் டொமைனின் (தளப் பெயரின்) மதிப்பு விழும். அதன்பின் உங்களை விரும்பிச் சேர்ந்தவருக்கு அனுப்பும் மடலும் சேர்ந்து விழும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். மொத்தமாக மடல் அனுப்புபவர்களுக்கு ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் விதித்த வரம்பு, ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குள் இருப்பது நல்லது. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் புகார் செய்தாலே வரம்பு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஜிமெயில் இந்த விகிதத்தை இன்பாக்ஸில் விழுந்த மடல்களை வைத்தே கணக்கிடுகிறது. நேராக ஸ்பேமுக்குப் போனவை கணக்கில் வராததால், நிலைமை மோசமாக இருக்கும்போது எண் அழகாகத் தெரியலாம்.

பிறகு தொழில்நுட்பப் பக்கம். இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து மொத்த மடல் அனுப்பாதீர்கள். சொந்த டொமைன் முகவரி வேண்டும். அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் (மடல் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பெறும் சேவை சரிபார்க்க உதவும் அமைப்புகள்) அமையுங்கள். இங்கே அடிக்கடி நேரும் தவறு, ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவு இருப்பது. பழைய சேவைக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று சேர்ந்துவிடும், இரண்டும் செல்லாமல் போகும். ஒன்றாக இணையுங்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்த பிறகு கடுமையாக்குங்கள்.

புதிதாகச் சேர்பவருக்கு இரட்டைச் சம்மதம்: படிவம் நிரப்பியதும் ஓர் உறுதிமடல், அதில் அவர் அழுத்தினால்தான் பட்டியலில் சேர்வார். மாதம் எத்தனை மடல், கமிஷன் இணைப்பு இருக்குமா என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். முன்பே டிக் செய்து வைத்த கட்டம் கூடாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சம்மதமாக ஏற்பதில்லை. விலகும் இணைப்பு ஒரே அழுத்தில் வேலை செய்ய வேண்டும். ஜிமெயில் விதிப்படி 2 நாளுக்குள் பெயர் நீங்க வேண்டும். விலகுபவரிடம் கடவுச்சொல் கேட்பதும், "எனக்கு நல்ல படம் எடுக்க ஆசையில்லை" என்ற பொத்தானை அழுத்த வைப்பதும் வேண்டவே வேண்டாம். வெட்கப்படுத்தி நிறுத்திவைக்கும் அந்த உத்தியையும் போலி அவசரத்தையும் இந்தியாவின் இன்னொரு 2023 வழிகாட்டி, தான் தடுக்கும் 13 ஏமாற்று வடிவங்களில் சேர்த்திருக்கிறது. விலக வழியில்லாதவர் அழுத்துவது ஸ்பேம் பொத்தானை.

மறுபடி மடல் அனுப்பத் தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். கடந்த 90 நாளில் உங்கள் மடலில் உள்ள இணைப்பை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள் என்று ஒரு சிறு குழுவில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். திறந்தவர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். மடலில் உள்ள ஒரு சிறு படம் இறங்குவதை வைத்தே அது எண்ணப்படுகிறது. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த மடல் பாதுகாப்பு வசதி படங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால், திறக்காத மடலும் திறந்ததாகக் காட்டும். மூன்று, நான்கு வாரம் ஆகியும் ஸ்பேமிலேயே விழுந்தால், திரும்பி வந்த மடல்களின் பிழை எண்களைப் பாருங்கள். 5இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு: முகவரியே இல்லை என்று வந்தால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், கொள்கை காரணமாக மறுத்ததாக வந்தால் அந்த வாசகத்தை அப்படியே எடுத்து, மடல் சேவையின் உதவிக் குழுவுக்கு அனுப்பிக் கேளுங்கள். 4இல் தொடங்குவது தற்காலிகம்: வேகத்தைக் குறைத்து, அடுத்த நாள் மறுபடி அனுப்பிப் பாருங்கள்.